பக்கத்து நிரை

"அக்கா, சப்ஜெக்ட் டிராப் பண்ண இன்னும் டைம் இருக்கா?"

2024 டிசம்பரில், ஒன்பதாம் கல்வி வாரத்தில், விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு தங்கை என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பு ஏழாம் வாரத்தோடு முடிந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு, "ஏம்மா, முன்னாடியே யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்டிருக்க வேண்டிய அந்த 'யாரோ' நான்தான்.

அன்பு வாசகர்களே, எங்கள் புலத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களை வழிகாட்டியாக நியமிப்பது வழக்கம். அவ்வாண்டு என் பெயருக்கு நேராக ஐந்து பெயர்கள் இருந்தன. நால்வர் தமிழ் மாணவர்கள். ஒருவர் வங்காளதேசத்திலிருந்து வந்த மாணவி. அந்த ஐவரில் ஒருத்திதான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தங்கை. சக மாணவர் வழிகாட்டல் என்றால் என்ன, அது எங்கே உதவுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதை நான் புத்தகத்தில் கற்றதைவிட இந்த இரு மாணவிகளிடம்தான் அதிகம் கற்றேன். கற்றதை நம் கழகத்தின் இவ்வாண்டு மலரில் பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

வழிகாட்டி யார்?

சக மாணவர் வழிகாட்டல் நமக்குப் புதிய ஒன்றன்று. இடைநிலைப்பள்ளியில் பி.ஆர்.எஸ். சின்னம் குத்திக்கொண்டு வலம்வந்தவர்கள் நம்மில் பலர். பல்கலைக்கழகத்தில் அறிமுக வாரத்தை நடத்துபவர்களும் மூத்த மாணவர்களே. ஆனால் 'சீனியர்' என்ற சொல்லுக்கு நம்மிடையே கசப்பான இன்னொரு வரலாறும் உண்டு. அதன் பெயர் பகடிவதை. பகடிவதை செய்பவரும் வழிகாட்டுபவரும் மூத்தவர்கள்தாம். முன்னவர் தமக்குத் தெரிந்ததை வைத்துப் புதியவரைச் சிறுமைப்படுத்துகிறார். பின்னவர் அதையே புதியவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

அப்படியானால், விரிவுரையாளரும் கல்வி ஆலோசகரும் இருக்கும்போது இன்னொரு மாணவர் எதற்கு? இதற்கு விடை சொல்ல நான் என் பள்ளி நாள்களுக்குத் திரும்ப வேண்டும்.

நான் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தவள். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழிப் பாடத்தில் போதிய தேர்ச்சி இல்லாததால், 2016-ஆம் ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியில் என்னைப் புகுமுக வகுப்பில் போட்டார்கள். (அந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது.) என்னோடு ஆறாண்டு படித்த தோழிகள் சிலர் நேராக முதலாம் படிவத்திற்குப் போக, நான் ஒரு வருடம் பின்தங்கி நின்றேன். முதல் வாரம் பள்ளியில் நான் தண்ணீரே குடிக்கவில்லை. காரணம், கழிவறைக்குப் போக மலாயில் எப்படி அனுமதி கேட்பது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தப்பாகக் கேட்டு வகுப்பே சிரித்துவிட்டால்?

பள்ளிப் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் தமிழ்ப்பள்ளிதான். முந்தைய ஆண்டு புகுமுக வகுப்பை முடித்தவர். நான்காம் நாள், நான் எதுவும் கேட்காமலேயே, "சிக்கு, போலே சாயா கெ தண்டாஸ்? இப்படிக் கேளு. கையத் தூக்கிட்டு கேளு, எழுந்து நிக்க வேணாம்" என்றார். ஆசிரியருக்கு இதைவிட நல்ல மலாய் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த அக்காவுக்குத் தெரியும். ஏனெனில் ஓராண்டுக்கு முன்பு அவரும் குடிக்கவில்லை.

சக மாணவர் வழிகாட்டலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அறிவு முதிர முதிர, அறியாமை எப்படி இருந்தது என்பது மறந்துபோகும். இருபது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியருக்குக் கடன்நேரம், முன்தேவைப் பாடம், பாடப் பதிவு எல்லாம் மூச்சுவிடுவது போல. ஓராண்டு மூத்த மாணவருக்கோ அவற்றில் தடுக்கி விழுந்த காயம் இன்னும் ஆறியிருக்காது. ஒரு படி மட்டும் மேலே நிற்பவர் என்பதே வழிகாட்டியின் தகுதி.

தடுமாற்றம் எப்போது வரும்?

கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அயல்நாட்டுக்குப் போய் வாழ்பவர்கள் அடையும் பண்பாட்டு அதிர்ச்சியை நான்கு கட்டங்களாக விளக்கினார். முதலில் எல்லாமே புதுமையாக இனிக்கும் தேனிலவுக் காலம், அடுத்து எரிச்சலும் தனிமையும் சூழும் நெருக்கடிக் காலம், பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் பழகிப்போதல். அவர் எழுதியது நாடு கடந்து போனவர்களைப் பற்றி. ஆனால் கெடாவிலிருந்து கோலாலம்பூர் விடுதிக்கு வருபவருக்கும் இது பொருந்துவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கால வரிசையைத்தான். நெருக்கடி முதல் வாரத்தில் வருவதில்லை. முதல் வாரத்தில் பாட்டு, கைத்தட்டல், புதுச் சட்டை, புகைப்படம். ஐந்தாம் ஆறாம் வாரத்தில்தான் முதல் இடைத்தேர்வின் மதிப்பெண் வரும். கல்விக் கடன் பணம் கையில் கரையும். அறைத்தோழியோடு மனத்தாங்கல் வரும். நம் வழிகாட்டல் திட்டங்களோ அறிமுக வாரத்தில் கொதித்து, மூன்றாம் வாரத்தில் ஆறிவிடுகின்றன. தேவைப்படாத நேரத்தில் ஐம்பது பேர் குடை பிடிக்கிறார்கள்; மழை வரும்போது ஆளில்லை.

2023 அக்டோபரில் நான் மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் வந்தபோதும் இதே நிலைதான். மெட்ரிகுலேஷனில் கால அட்டவணையை யாரோ போட்டுக் கொடுப்பார்கள். வகுப்புக்கு வராவிட்டால் யாரோ கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் அட்டவணையும் நம் பொறுப்பு, வருகையும் நம் பொறுப்பு. விடுதலை போலத் தோன்றிய அது ஆறாம் வாரத்தில் பாரமாகிவிட்டது.

வங்காளதேசத் தோழி

இனி, என் பட்டியலில் இருந்த அனைத்துலக மாணவியிடம் வருகிறேன். "உங்களுக்குள்ள ஒத்துப்போகும்" என்று சொல்லித்தான் அவளை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. அவளுக்குத் தமிழும் மலாயும் தெரியாது. இருவருக்கும் பொதுவானது தட்டுத்தடுமாறும் ஆங்கிலம் மட்டுமே.

அனைத்துலக மாணவர்களின் சுமை நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. பெரும்பாலோரின் மாணவர் அனுமதி விண்ணப்பம், 2012-இல் தொடங்கப்பட்ட இ.எம்.ஜி.எஸ். அமைப்பின் வழியே போகிறது. வந்திறங்கிய ஏழு நாள்களுக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு திறக்கப் பல்கலைக்கழகத்தின் கடிதம் வேண்டும். செலவுக்குப் பணம் போதவில்லை என்றால் நம்மைப் போல வார இறுதியில் கடையில் வேலைக்கு நிற்க முடியாது. நீண்ட விடுமுறையில் மட்டும், குறிப்பிட்ட இடங்களில் மட்டும், அதுவும் வாரத்திற்கு 20 மணி நேரத்திற்கு மிகாமல்தான் வேலை செய்யலாம். அனுமதியைப் புதுப்பிக்க 80 விழுக்காடு வருகையும் 2.00 புள்ளிச் சராசரியும் வேண்டும்.

இவையெல்லாம் எனக்கு முதலில் தெரியாது. அவளோடு அலைந்து தெரிந்துகொண்டேன். முதல் வாரம் பரிசோதனைக்குக் கூடவே போனேன். வங்கிக்கும் போனேன். அறிவிப்புப் பலகையில் மலாயில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். அப்போது புகுமுக வகுப்பு நினைவு வந்தது. எழுத்து கண்முன்னே இருக்கிறது, பொருள் பிடிபடவில்லை என்னும் அந்தத் தவிப்பு எனக்கு அந்நியமானதன்று.

நான்காம் வாரம் தீபாவளி வந்தது. விடுதி காலியாகத் தொடங்கியது. விடுதி உணவகமும் மூடப்படும் என்றார்கள். அவளுக்குப் போக இடமில்லை. வீட்டில் அம்மாவிடம் கேட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு தெலுக் இந்தானுக்குப் பேருந்து ஏறினேன்.

எங்கள் பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். யார் இந்தப் பெண், எதற்காக என்னோடு திரிகிறாள் என்று கேட்டார். விளக்கினேன். பாட்டி சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஒரு பேரு வேற வெச்சிருக்கீங்களா? எங்க காலத்துல புது ஆளு வேலைக்கு வந்தா, பக்கத்து நிரையில பழைய ஆளு இருப்பா. கத்திய எப்படிப் பிடிக்கணும்னு காட்டிக் கொடுப்பா. ஆனா அவ மரத்த அவதான் வெட்டணும். பாவமேன்னு நாம வெட்டிக் கொடுத்தா, மறுநாளும் நம்ம மூஞ்சியத்தான் பார்ப்பா. அதுக்காக நம்ம நிரைய மட்டும் பார்த்துக்கிட்டு குனிஞ்சே போயிட்டா, புது ஆளு மரத்தக் காயப்படுத்திருவா. அப்பப்ப நிமிர்ந்து பார்க்கணும்" என்றார்.

அன்று அதை ஒரு பழங்கதையாகத்தான் கேட்டேன். ஐந்து வாரம் கழித்து, விடுதிப் படிக்கட்டில்தான் அதன் பொருள் விளங்கியது.

நம்ம பிள்ளைதானே!

வங்காளதேசத் தோழிக்கு உதவி தேவை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. ஆகவே நேரில் போனேன். தமிழ்த் தங்கைகளுக்கு? அவர்களுக்கு மலாய் தெரியும், ஊர் தெரியும், நம் கழக நிகழ்ச்சிகளுக்கு வருகிறார்கள், என்னை அக்கா என்று வாய் நிறைய அழைக்கிறார்கள். "நம்ம பிள்ளைங்கதானே, கேட்டுக்குவாங்க" என்று புலனக் குழு ஒன்றைத் தொடங்கி, எல்லாத் தகவலையும் அதில் போட்டேன். பாடத்தை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளையும் ஆறாம் வாரமே போட்டிருந்தேன். நான்கு நீல நிறக் குறிகள் விழுந்தன. கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

படிக்கட்டுத் தங்கை ஆறாம் படிவம் முடித்துக் கெடாவிலிருந்து வந்தவள். அப்பா லாரி ஓட்டுநர். குடும்பத்தில் பல்கலைக்கழகத்தில் கால் வைத்த முதல் ஆள். நுண்கணித இடைத்தேர்வில் முப்பதுக்கு நான்கு வாங்கியிருந்தாள். ஏழாம் வாரம் நான் போட்ட தகவலைப் பார்த்தாளாம். ஆனால் 'விலகுதல்' என்றால் பல்கலைக்கழகத்தைவிட்டே விலகுவது என்று நினைத்துவிட்டாள். "ஏன் என்கிட்ட கேக்கல?" என்றதற்கு, "நீங்க அந்தப் பங்களாதேஷ் அக்காவுக்கு ரொம்ப அலையிறீங்க. நான் இதக்கூடத் தெரியாதவன்னு நெனச்சிருவீங்களோன்னு இருந்துச்சு" என்றாள்.

பாடத்தில் தோல்வி. நான்கு கடன்நேரப் பாடம் என்பதால் முதல் பருவச் சராசரி 1.87-க்கு இறங்கியது. கல்விக் கடனின் அடுத்த தவணைக்கும் 2.00 வேண்டும். பணம் நின்றது. அப்பா கூடுதல் நடை லாரி ஓட்டி மறுபருவத்தைச் சமாளித்தார். ஒருத்திக்கு அனுமதி, இன்னொருத்திக்குக் கடன். இரண்டையும் தாங்கி நிற்பது 2.00 என்ற அதே எண். அயல்நாட்டவளின் எண்ணைக் காப்பாற்ற நேரில் போனேன். நம்மவளின் எண்ணுக்குப் புலனச் செய்தி அனுப்பினேன்.

மொழி ஒன்றாக இருப்பது வழிகாட்டலுக்கு நல்ல தொடக்கம் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் அதே நெருக்கம் திரையாகவும் ஆகிவிடும். தெரியாதவரிடம் தெரியாது என்று சொல்வது எளிது. தெரிந்தவரிடம் சொல்வதற்குக் கூச்சம் தடுக்கும். புதியவர் அனைவரும் ஒருவகையில் அயலார்தாம். சிலருக்குக் கடவுச்சீட்டு இருக்கிறது, அவ்வளவே.

கூச்சத்தை எப்படிக் குறைப்பது?

அமெரிக்காவில் மிசூரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் என்பவர் ஒரு முறையைத் தொடங்கினார். ஏற்கெனவே அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறிய மூத்த மாணவர் ஒருவர் மீண்டும் விரிவுரையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பிறகு வாரந்தோறும் விரும்பியவர்களோடு சேர்ந்து படிப்பார். இன்று இது பல நாடுகளில் நடைபெறுகிறது. அதில் ஒரு நுட்பம் உண்டு. 'பின்தங்கிய மாணவர்' என்று யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'கடினமான பாடம்' என்று பாடத்தைத்தான் அடையாளம் காட்டுகிறார்கள். முத்திரை பாடத்தின்மேல் விழுகிறது, பிள்ளையின்மேல் விழுவதில்லை. ஆகவே கெட்டிக்காரரும் வருவார், தடுமாறுபவரும் வருவார். யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

மாணவர்கள் படிப்பைக் கைவிடுவதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த வின்சென்ட் டிண்டோ, 1987-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தியதும் இதையொட்டியதே. மதிப்பெண் மட்டும் ஒருவரை வெளியேற்றுவதில்லை. கல்வியிலும் நட்பிலும் 'நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன்' என்ற பிணைப்பு ஏற்படாததும் வெளியேற்றுகிறது.

நான் இப்போது கடைப்பிடிப்பவை

முதலாவதாக, மூன்று பேருக்கு மேல் நான் ஏற்பதில்லை. பட்டியல் நீண்டால் புலனக் குழுவே வழிகாட்டியாகிவிடும்.

இரண்டாவதாக, 14 வாரப் பருவத்தில் முதலாம், மூன்றாம், ஆறாம், பத்தாம் வாரங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியே நேரில் சந்திக்கிறேன். ஆறாம் வாரச் சந்திப்பைத் தவறவிடுவதே இல்லை. விலகும் கடைசி நாள் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறும். உங்கள் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, "எல்லாம் ஓகேவா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு "ஓகே அக்கா" என்ற ஒரே பதில்தான் உண்டு. மாறாக, "இந்த வாரம் எந்த வகுப்புக்குப் போகல?", "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?", "எந்தப் பாடத்துல கேள்வியே புரியல?" என்று கேட்கிறேன். கையில் காசில்லாதவர் இரண்டாம் கேள்வியில் பிடிபட்டுவிடுவார். என் தோல்விக் கதையையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். மூத்தவர் விழுந்த கதையைக் கேட்டால்தான் இளையவருக்கு வாய் திறக்கும்.

நான்காவதாக, அலுவலகத்திற்கு முதல் முறை கூடப் போகிறேன். இரண்டாம் முறை வாசலில் நிற்கிறேன். மூன்றாம் முறை போவதில்லை. பணி ஒப்படைப்புகளை எழுதிக் கொடுப்பதும் இல்லை, என் பழைய தாளைக் கொடுப்பதும் இல்லை. அவள் மரத்தை அவள்தான் வெட்ட வேண்டும்.

ஐந்தாவதாக, என் எல்லையை அறிந்திருக்கிறேன். மாணவர் அனுமதி பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை; அனைத்துலக மாணவர் அலுவலகத்திற்கு அழைத்துப் போகிறேன். அங்கே தவறாகச் சொன்ன ஒரு சொல் ஒருவரை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும். தூக்கமில்லாமை, நிற்காத அழுகை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவை என் கைக்கு மீறியவை. அவற்றை இரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காமல் ஆலோசனைப் பிரிவுக்கு உடன் போகிறேன். நள்ளிரவிலும் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 24 மணி நேரத் தொலைபேசிச் சேவை உண்டு.

நம் கழகத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் புதிய மாணவர்களின் பட்டியலை எடுத்து வரவேற்பு விருந்து வைக்கிறோம். நல்ல செயல். ஆனால் விருந்துக்கு வந்தவர்களையே திரும்பத் திரும்ப வரவேற்கிறோம். வராதவர்களின் பெயர்களுக்கு நேராகத்தான் முதலில் ஒரு வழிகாட்டியை எழுத வேண்டும். விடுதியில் தனித்து உண்ணும் அயல்நாட்டு மாணவருக்கும் அந்தப் பட்டியலில் ஓரிடம் கொடுத்தால், தமிழ் எந்த வகையிலும் குறைந்துவிடாது.

படிக்கட்டுத் தங்கை அந்த நுண்கணிதப் பாடத்தை மீண்டும் எடுத்துத் தேறிவிட்டாள். சராசரி 2.00-ஐத் தாண்டியது, கடன் பணமும் மீண்டும் வந்தது. ஆனால் அவள் ஒரு பருவம் தாமதமாகத்தான் பட்டம் பெறுவாள். அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. 2025 அக்டோபரில் அவளும் வழிகாட்டியாகப் பெயர் கொடுத்தாள். ஆறாம் வாரம் அவளைச் சிற்றுண்டிச்சாலையில் பார்த்தேன். எதிரே ஒரு முதலாம் ஆண்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான்; மேசையில் இரண்டு கோப்பை தேநீர். கடந்து போகும்போது அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"டிராப் பண்றதுன்னா என்னான்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்ச மாதிரி தலையாட்டாத. எனக்கும் அப்ப தெரியாது."

நான் நிற்காமல் நடந்தேன். அது அவள் நிரை.